சுதாவின் இடது கண்ணுக்கு ஒரு லென்ஸ்

லென்ஸ் கேட்டு வருகிறவர்கள் எல்லோரும் இரண்டு கேள்விதான் கேட்பார்கள். போட்டால் நன்றாகத் தெரியுமா, போட்டால் நன்றாக இருக்குமா. முதல் கேள்வியை உட்கார்ந்ததுமே கேட்டுவிடுவார்கள். இரண்டாவதைக் கேட்கக் கூச்சம். எல்லாம் முடிந்து கிளம்பும்போது, கதவுப் பிடியில் கை வைத்தபடி, ஏதோ ஞாபகம் வந்ததுபோல் கேட்பார்கள். இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள், அந்த இரண்டாவது கேள்விக்காரர்களைத் திரும்ப அழைத்து உட்காரவைத்துப் பேசப் பழகிக்கொள்ள வேண்டும்.

கண்ணின் வளைவை அளப்பது, எந்த லென்ஸ் யாருக்கு உலராமல் இருக்கும் என்பது, இதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் படித்த காலத்தில் இல்லாத மெஷின்கள் உங்கள் அறையில் நிற்கின்றன. அதனால் அந்தப் பக்கமே நான் போகவில்லை. டெக்சாஸில் சுகர் லேண்ட் என்ற ஊரில், கடைகள் வரிசையாக இருக்கும் ஒரு ஸ்ட்ரிப் மாலில், இந்தியன் குரோசரிக்கும் வரிக் கணக்கு பார்க்கும் ஆபீசுக்கும் நடுவில், ஆப்டோமெட்ரிஸ்ட்டாக உட்கார்ந்து வயதானவள் நான். சமீபத்தில்தான் கிளினிக்கை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்கிறேன். வீட்டில் இருக்கிறவளுக்கு வாய் நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அழகுக்காக லென்ஸ் கேட்கிறவர்கள் எல்லோரும் விளையாட்டுப் பிள்ளைகள் என்று நினைக்காதீர்கள். சிலர் அப்படித்தான். ஆயில் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு பையன், கல்யாண சைட்டில் போடும் போட்டோவுக்காகச் சாம்பல் நிற லென்ஸ் கேட்டு வந்தான். போட்டுக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "பூனை மாதிரி இருக்கேன் ஆன்ட்டி," என்று அவனே கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். அப்படிப்பட்டவர்களுக்கு டாக்டர் தேவையே இல்லை, ஒரு கண்ணாடி போதும். நான் சொல்ல வந்தது வேறொருத்தியைப் பற்றி.

சுதா என்று வைத்துக்கொள்வோம். பெயரையும் ஊரையும் மாற்றித்தான் சொல்கிறேன். முப்பத்தைந்து வயது இருக்கும், எனர்ஜி கம்பெனி ஒன்றில் இன்ஜினியர், சொந்த ஊர் வேலூர். ஒரு சனிக்கிழமை கணவர் பிரபுவோடும், விசிட்டர் விசாவில் வந்திருந்த தன் அம்மாவோடும் வந்தாள். அம்மா காட்டன் சேலைக்கு மேல் ஸ்வெட்டர், காலில் ஸ்னீக்கர்ஸ். டெக்சாஸ் வெயிலுக்கு ஸ்வெட்டர் எதற்கு என்று கேட்காதீர்கள், இங்கே கட்டடத்துக்குள் இருக்கும் குளிர் அப்படி.

சுதா உட்கார்ந்ததும் நாற்காலியைக் கொஞ்சம் திருப்பி, முகத்தின் வலது பக்கம் எனக்குத் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டாள். அவள் யோசித்துச் செய்ததாகத் தெரியவில்லை, பழகிப்போனது. இடது கண்ணில் கருவிழியின் நடுவே வெள்ளைத் தழும்பு, ஆறிய பாலில் ஏடு படிந்த மாதிரி. ஆறு வயதில் விளையாடும்போது குச்சி குத்திச் சீழ் வைத்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் தழும்பாகிவிட்டது. பெரியவளானபின் இங்கே சர்ஜனிடமும் காட்டியிருக்கிறாள். சின்ன வயதிலேயே பார்க்கிற பழக்கம் விட்டுப்போன கண், ஆபரேஷன் செய்தாலும் பெரிய பிரயோஜனம் இருக்காது என்று அவர் சொல்லிவிட்டார். அது சரியான யோசனைதான்.

அம்மா பையிலிருந்து ஒரு கல்யாண ஆல்பத்தை எடுத்து என் மேஜையில் விரித்தார்.

"இதுல பாருங்க டாக்டர். இந்த மாதிரி வேணும்."

போட்டோவில் சுதாவுக்கு இரண்டு கண்ணும் கன்னங்கரேலென்று இருந்தது. நம் ஊர் ஸ்டுடியோக்காரர்களைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டுமா என்ன? மாநிறத்தைச் சிவப்பாக்குவார்கள், மாப்பிள்ளையின் வழுக்கையில் முடி வளர்ப்பார்கள், வாழ்நாளில் கோட் என்பதையே கண்ணால் பார்க்காத பெரியப்பாவுக்குக் கோட் மாட்டிவிடுவார்கள். இந்த ஸ்டுடியோக்காரர் சுதாவின் வலது கண்ணை எடுத்துத் திருப்பி இடது பக்கம் ஒட்டியிருந்தார். ஒரு கண்ணில் விளக்கின் புள்ளி வலப்பக்கம், இன்னொன்றில் இடப்பக்கம். வேறு யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். ஆல்பம் முழுக்க அந்த ஒட்டுக் கண்தான்.

சுதாவின் தம்பிக்கு ஊரில் கல்யாணம் வைத்திருந்தார்கள். அதற்குள் லென்ஸ் வேண்டும் என்பது அம்மாவின் அவசரம். சுதாவைக் கேட்டேன், உனக்கு எதற்கு வேண்டும் என்று.

"வீடியோ மீட்டிங்ல கேமராவ எப்பவும் சைடுலதான் வெப்பேன் டாக்டர். லைட்ட அட்ஜஸ்ட் பண்ணி, சேர அட்ஜஸ்ட் பண்ணி... புதுசா யாராவது ஜாயின் பண்ணா முதல்ல என் கண்ணத்தான் பாப்பாங்க, அப்புறம்தான் நான் பேசறத கேப்பாங்க. ஒரு தடவ நேரா உக்காந்து பேசணும். அவ்ளோதான்."

அவ்வளவுதான் என்று அவள் சொன்னது சின்ன விஷயம் அல்ல. எனக்கு அப்போதே அவளைப் பிடித்துப்போயிற்று.

அந்தக் கண்ணில் எவ்வளவு தெரிகிறது என்று கேட்டேன். பதிலை அம்மா சொன்னார். "அது போன கண்ணு டாக்டர். ஒண்ணும் தெரியாது."

"ஆமா டாக்டர், தொறந்தாலும் மூடினாலும் அதே தான்," என்றாள் சுதா.

அதுவரை சும்மா இருந்த பிரபு, மனைவியை விட்டுக்கொடுக்க மனம் வராமல் வாயைத் திறந்தார். "ஆனா ஒண்ணு டாக்டர், இவளுக்கு ஒரு பவர் இருக்கு. ஆளுக்கொரு சமையல் கொண்டு வந்து சாப்பிடற நம்ம ஆளுங்க பாட்லக் எப்படின்னு உங்களுக்கே தெரியும். கிளம்பறோம், கிளம்பறோம்னு சொல்லிட்டு ஒரு மணி நேரம் பேசிட்டு இருப்பாங்க. நான் போயி ஷூ ரேக் பக்கத்துல நின்னுடுவேன். கூப்பிட மாட்டேன். இவ அங்க லேடீஸ் நடுவுல உக்காந்து பேசிட்டு இருப்பா, என் பக்கம் திரும்பக்கூட மாட்டா. ஆனா டக்குனு எந்திரிச்சு வந்துடுவா. நான் மனசுல நினைச்சாலே போதும், இவளுக்குத் தெரிஞ்சுடும்."

"என்னமோ தெரிஞ்சுடும் டாக்டர்," என்று சுதா வெட்கத்தோடு சொன்னாள்.

என் வீட்டுக்காரருக்கு நான் எதிரில் நின்று கத்தினாலே காதில் விழாது. அதனால் மனசுக்கு மனசு பேசிக்கொள்ளும் தம்பதிகளைக் கண்டால் எனக்கு எப்போதும் கொஞ்சம் சந்தேகம். "நினைக்கறப்ப கை சும்மா இருக்குமா?" என்று கேட்டேன். பிரபு யோசித்தார். "கார் சாவிய விரல்ல மாட்டிச் சுத்திட்டு இருப்பேன். பழக்கம்," என்றார்.

இந்த இடத்தில் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் முதலில் வேலை பார்த்த இடத்தில் ஒரு சீனியர் டாக்டர் இருந்தார். வெள்ளைக்காரர், சிடுமூஞ்சி, மதியச் சாப்பாட்டில்கூட யாரோடும் பேச மாட்டார். பார்வை குறைந்தவர்களைப் பார்ப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அந்தக் கண்ணில் என்ன தெரியவில்லை என்று நாமெல்லாம் கேட்போம். அவரோ நோயாளியோடு வந்தவரைப் பார்த்து, இவர் வீட்டில் எப்படி நடமாடுகிறார் என்று கேட்பார். பாதிக் கண்ணோடு இருக்கிறவருக்குத் தன் பாதிக் கண் என்ன வேலை செய்கிறது என்று தெரியாது, கூட இருக்கிறவர்தான் பார்த்திருப்பார் என்பது அவர் கட்சி. எனக்கு அவரைப் பிடிக்காது. ஆனால் பிரபு சாவியைச் சுற்றுகிறேன் என்று சொன்னதும் அவர் ஞாபகம்தான் வந்தது.

சுதாவின் வலது கண்ணை மூடிவிட்டு, அவள் முகத்துக்கு நேரே கையை ஆட்டினேன். ஒன்றும் தெரியவில்லை என்றாள். அவளுடைய இடது தோளுக்குப் பக்கத்தில் போய் நின்று ஆட்டினேன். அதுவும் தெரியவில்லை என்றாள். சரி, தெரியாவிட்டால் பரவாயில்லை, ஆட்டுகிறேனா நிறுத்திவிட்டேனா என்று சும்மா யூகித்துச் சொல் என்றேன்.

"ஆட்டறீங்க. இப்ப இல்ல. இப்ப ஆட்டறீங்க... குத்துமதிப்பா சொல்றேன் டாக்டர்."

குத்துமதிப்பு ஒரு தடவைகூடத் தப்பவில்லை. தழும்பு நடுவில்தான் அடர்த்தி. ஓரத்தில் கொஞ்சம் தெளிவான இடம் இருந்தது. அதன் வழியாக ஒன்றும் படிக்க முடியாது, முகம் தெரியாது. ஏதாவது அசைந்தால் மட்டும் தெரியும். வலது கண்ணுக்கு மூக்கு மறைக்கிற இடத்தில் அந்தக் கண் காவல் இருந்திருக்கிறது, அவளுக்கே சொல்லாமல்.

மூன்று பேரிடமும் விளக்கிச் சொன்னேன். அம்மாவுக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. "கை ஆடறது தெரிஞ்சு என்ன டாக்டர் பண்றது? அத வெச்சு பேப்பரா படிக்கப் போறா?" என்றார். சுதாவும் சிரித்துவிட்டாள்.

இந்த மாதிரிக் கண்ணுக்கு இரண்டு வகையாக லென்ஸ் செய்து வாங்கலாம். ஒன்று, கருவிழியை அப்படியே பெயின்ட் செய்து நடுவில் கறுப்பு வட்டம் வைத்தது. தழும்பு துளிகூடத் தெரியாது, வெளிச்சமும் உள்ளே போகாது. இன்னொன்று, முழுவதும் பழுப்புச் சாயம் ஏற்றிய, வெளிச்சம் ஊடுருவுகிற லென்ஸ். தழும்பின் வெள்ளை மங்கிச் சாம்பலாகும், எழுதி அழித்த சிலேட்டு மாதிரி. கிட்டே வந்து பார்த்தால் தெரியத்தான் செய்யும். நான் இரண்டாவதைச் சொன்னேன். தாயும் மகளும் ஒரே குரலில் முதலாவதைக் கேட்டார்கள்.

முடியாது என்று நான் சொல்லவில்லை. நீங்களும் எடுத்த எடுப்பில் சொல்லாதீர்கள். நாம் முடியாது என்றால் இன்னொரு கடை அவர்களுக்குக் கிடைக்கும், அங்கே இதையெல்லாம் யாரும் கேட்க மாட்டார்கள். இரண்டையும் வரவழைக்கிறேன், போட்டுப் பார்த்து முடிவு செய்யலாம், ஆனால் கறுப்பு லென்ஸ் போட்டிருக்கும்போது கார் ஓட்டக் கூடாது என்றேன். அதற்கு ஒப்புக்கொண்டார்கள்.

நிறம் பொருத்துவதற்குச் சுதாவைப் பார்க்கிங் லாட்டுக்கு அழைத்துப் போனேன். லேப் அனுப்பும் சாம்பிளில் இருக்கும் பழுப்பு எல்லாம் நம்மவர்களுக்கு வெளிர். அறைக்குள் நம் கண் கறுப்பாகத் தெரியும், வெயிலில் நின்றால் காப்பிக்கொட்டை நிறம் வெளியே வரும். ஆல்பத்தைப் பார்த்து லென்ஸ் செய்தால் வெயிலில் ஒரு கண் பழுப்பாகவும் ஒரு கண் மையாகவும் நிற்கும். அம்மா ஆல்பத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். அவருக்கு அந்த ஸ்டுடியோக்காரர் செய்த கறுப்புதான் வேண்டியிருந்தது.

லென்ஸ் வந்த அன்று கறுப்பை முதலில் போட்டுவிட்டேன். சுதா கைக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அம்மா எழுந்து வந்து அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். பிரபு போனில் படம் எடுத்தார், எடுத்ததை யாருக்கோ உடனே அனுப்பினார்.

"நேரா பாக்கறேன் டாக்டர்," என்றாள் சுதா. 

எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? அழகான பெண், ஆறு வயதுக்குப் பின் முதல்முறையாகத் தன் முகத்தை முழுசாகப் பார்க்கிறாள். கண்ணுக்குள் வெளிச்சம் போகிறதா, காற்று போகிறதா என்று அந்த நிமிஷத்தில் நாம் பாடம் எடுக்கக் கூடாது. வார இறுதி முழுக்கப் போட்டுப் பாருங்கள், பிரபுதான் வண்டி ஓட்ட வேண்டும் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் சுதாவும் பிரபுவும் மட்டும் வந்தார்கள். இரண்டு பேர் முகமும் சரியில்லை. பிரபு சுவரில் மாட்டியிருந்த எழுத்து அட்டையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தார்.

"டாக்டர், நீங்க சிரிக்கக் கூடாது," என்று சுதா ஆரம்பித்தாள். "லென்ஸ் போட்டா இன்ஸ்டிங்க்ட் போயிடுமா?"

நான் சிரிக்கவில்லை. நடந்தது இதுதான். சனிக்கிழமை நண்பர் வீட்டு பாட்லக்கில் எல்லோரும் அவளைப் பார்த்து ஆகா என்றிருக்கிறார்கள். பிரபு வழக்கம்போல் வாசலில் போய் நின்றிருக்கிறார். நின்றிருக்கிறார், நின்றுகொண்டே இருந்திருக்கிறார். அவள் எழுந்து வரவில்லை. கடைசியில் எல்லோர் முன்னாலும் போய்த் தோளைத் தட்டிக் கூப்பிட வேண்டியதாயிற்று. வீட்டுக்குப் போகும் வழியில் சண்டை.

"இவ்ளோ வருஷத்துல ஒரு தடவகூட இப்படி ஆனதில்ல டாக்டர்," என்றார் பிரபு. "நாலு பேரு அழகா இருக்கேன்னு சொன்னதும் என்ன மறந்துட்டான்னு நினைச்சேன். அதான் கொஞ்சம் கத்திட்டேன்."

"நான் வேணும்னு பண்ணல டாக்டர். எனக்கு ஒண்ணுமே தோணல. அதான் பயமா இருக்கு."

பிரபுவை எழுப்பி, அறையின் இடது கோடியில், அவள் தோளுக்கும் பின்னால் போய்விடாத ஓரமாக நிற்கவைத்தேன். சாவியைச் சுற்றச் சொன்னேன், சத்தம் வராமல். சுதா என்னைப் பார்த்தபடி பேசிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. லென்ஸைக் கழற்றிவிட்டு மறுபடியும் சாவியைச் சுற்றச் சொன்னேன். பேச்சின் நடுவில் அவள் தலை தானாகத் திரும்பியது.

"உங்க மனசு இல்ல பிரபு. உங்க சாவி," என்றேன்.

பாவம், மனிதர் ரொம்ப வாடிப்போனார். மனைவி தன் மனசைப் படிக்கிறாள் என்று நம்பிக் குடித்தனம் நடத்திய ஆளிடம், இல்லை, ஓரக்கண்ணில் சாவி ஆடுவது தெரிகிறது என்று சொன்னால் யாருக்குத்தான் வருத்தமாக இருக்காது? ஆனால் சுதாவின் யோசனை வேறொரு இடத்துக்குப் போயிருந்தது.

"டாக்டர், ஃப்ரீவேல ஓட்டும்போது, இடது பக்கம் பெரிய ட்ரக் ஏதாவது நெருங்கினா எனக்கு முன்னாடியே ஒரு மாதிரி திக்குனு இருக்கும். நான் பயந்த சுபாவம்னு நினைச்சிட்டு இருந்தேன். அதுவும்..."

"அதுவும் இந்தக் கண்ணுதான்."

அவள் இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள். பிறகு கையை எடுத்தாள். "அப்ப இது போன கண்ணு இல்லையா?" என்றாள். குழந்தையாக இருந்தபோது பெரியவர்கள் சொன்ன ஒரு வார்த்தையை அவள் இத்தனை காலம் சோதித்தே பார்க்கவில்லை. இன்ஜினியர். ஆபீசில் எத்தனை விஷயத்தை நம்பாமல் மறுபடி மறுபடி அளந்து பார்த்திருப்பாள்.

இவ்வளவு தெரிந்தபின் முடிவு சுலபம் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்தேன். வெளிச்சம் ஊடுருவுகிற லென்ஸைப் போட்டுக் காட்டினேன். தழும்பு சாம்பலாக மங்கியிருந்தது, ஆனால் இருந்தது. சுதா பார்த்துவிட்டுக் கண்ணாடியை மடியில் கவிழ்த்துவைத்தாள்.

"புரியுது டாக்டர். எனக்கு எல்லாம் புரியுது. ஆனா அந்த முகத்தப் பாத்துட்டேனே. பாக்காமயே இருந்திருக்கலாம்."

ஆபீசுக்கும் கல்யாணத்துக்கும் கறுப்பு, கார் ஓட்ட மட்டும் இது என்று இரண்டையும் வாங்கிக்கொள்கிறேன் என்றாள். நடக்கிற காரியமா அது? காலையில் அவசரமாகக் கிளம்புகிறவள் ஆபீஸ் பார்க்கிங்கில் உட்கார்ந்து லென்ஸ் மாற்றுவாளா? ஒரு நாள் மாற்றுவாள், மறுநாளும் மாற்றுவாள், பிறகு அழகான கண்ணோடு ஃப்ரீவேயில் ஏறிவிடுவாள். சொன்னேன். அவளுக்கும் அது தெரிந்தேயிருந்தது. யோசிக்க நேரம் கேட்டாள். கொடுத்தேன்.

அடுத்த சனிக்கிழமை அம்மா தனியாக உள்ளே வந்தார். மகளும் மருமகனும் பக்கத்துக் குரோசரியில் காய்கறி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று நின்றபடியே பேசினார்.

"டாக்டர், அவளுக்குக் கறுப்பே போட்டுக் குடுங்க. வேற எதயும் காட்டாதீங்க."

"ஏம்மா?"

"குச்சி குத்தினப்ப அவ்ளோ பெருசா ஒண்ணும் இல்ல டாக்டர். சிவந்திருந்துச்சு, அவ்ளோதான். பக்கத்து வீட்டுல பிள்ள பெத்தவ இருந்தா. அவகிட்ட பால் வாங்கி நான்தான் கண்ணுல ஊத்தினேன். தாய்ப்பால் ஊத்தினா ஆறிடும்னு சொன்னாங்க. மூணு நாலு நாள் ஊத்தினேன். அதுக்கப்புறம்தான் சீழ் வெச்சுது." அவர் ஸ்வெட்டர் கையைத் திருகிக்கொண்டிருந்தார். "அவளுக்குத் தெரியாது. குச்சி குத்திப் போச்சுன்னுதான் இன்னிக்கும் சொல்லிட்டு இருக்கேன். அந்த வெள்ளையப் பாக்கும்போதெல்லாம் எனக்கு என் கைதான் தெரியுது. சாகறதுக்குள்ள அவ முகத்த ஒரு தடவ நிம்மதியா பாத்துக்கறேன் டாக்டர்."

பெத்த மனம் பித்து என்பார்கள். அந்தப் பித்துக்கு முன்னால் நம் படிப்பு கொஞ்சம் தடுமாறத்தான் செய்யும். பால் ஊற்றியதால்தான் கெட்டது என்றும் என்னால் சொல்ல முடியாது, பாலால் இல்லை என்றும் சொல்ல முடியாது. இத்தனை வருடம் கழித்துத் தழும்பைப் பார்த்து யாரும் அதைச் சொல்ல முடியாது. அதை அப்படியே சொன்னேன். ஆறுதலுக்காகப் பொய் சொல்லக் கூடாது. கேட்கிறவர்களுக்கு அது பொய் என்று தெரிந்துவிடும், பிறகு நாம் சொல்லும் நிஜத்தையும் நம்ப மாட்டார்கள்.

"ஆனா ஒண்ணு சொல்றேன்மா," என்றேன். "அந்தக் கண்ணு முழுசா போயிடுச்சுன்னு நீங்க நினைச்சீங்க. முழுசா போகல. கொஞ்சம் மிச்சம் இருக்கு, அது இன்னும் வேலை செய்யுது. கறுப்பு லென்ஸ் போட்டா அந்த மிச்சத்த நாம மூடறோம். நீங்களும் நானும் சேர்ந்து."

அவர் பையை எடுத்துக்கொண்டு குரோசரிக்குப் போனார். ரொம்பக் கடுமையாகப் பேசிவிட்டோமோ என்று எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இப்போது நினைத்தாலும் வேறு எப்படிச் சொல்லியிருக்கலாம் என்று தோன்றவில்லை. மகளிடம் சொல்லிவிடுங்கள் என்று மட்டும் சொல்லியிருக்கலாம். அது என் வேலையா என்று தெரியாததால் சொல்லவில்லை.

நான் சொல்லாமலேயே அம்மா மகளிடம் சொல்லிவிட்டார் என்று அடுத்த முறை அவர்கள் உள்ளே வந்தபோதே தெரிந்தது. சுதாவின் கண் அழுது தடித்திருந்தது. அம்மாவின் பையை அவள் தூக்கிக்கொண்டு வந்தாள். இரண்டு பேரும் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஊருக்குக் கிளம்ப நாள் நெருங்கிவிட்டது, இன்றைக்கு முடிவு செய்ய வேண்டும் என்று மட்டும் பிரபு சொன்னார்.

வெளிச்சம் ஊடுருவுகிற லென்ஸைப் போட்டுவிட்டுச் சுதாவின் கையில் சின்னக் கண்ணாடியைக் கொடுத்தேன். கறுப்பு லென்ஸ் மேஜைமேல் அதன் டப்பாவில் இருந்தது. அம்மா அவளுடைய இடது தோளுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். சுதா முகத்துக்கு அருகில் கண்ணாடியைப் பிடித்து, அந்தக் கண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.  அறைக்குள் ஏசி ஓடுகிற சத்தம்தான்.

அம்மா முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். மூக்கைக்கூட உறிஞ்சவில்லை, சத்தமே இல்லை.

"அழாதம்மா," என்றாள் சுதா. கண்ணாடியிலிருந்து பார்வையை எடுக்கவில்லை.

அம்மாவின் கை முந்தானையோடு அப்படியே நின்றது. "நான் அழறது உனக்கு எப்படிடீ தெரியும்? நீ திரும்பவே இல்லையே."

சுதா கண்ணாடியைக் கீழே இறக்கினாள். திரும்பி அம்மாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். ஆனால் பேசியது அம்மாதான்.

"டாக்டர், அந்தக் கறுப்ப திருப்பி அனுப்பிடுங்க. கல்யாணத்துக்கும் இதுவே போதும்."